மச்சான் கொடுத்த பாட்டில்

என் பணி நிறைவு விழாவில் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உடனே பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "கேக்கல தங்கச்சி, சத்தமாச் சொல்லு" என்றார். பெரிய டாக்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பழைய ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். லேபில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"யாருக்கா அவரு? எதுக்கு எல்லாரும் சிரிச்சீங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதோடு இன்னொரு கேள்வி. பாட்டிலை வாங்கும்போது பெயர் கேட்கிறோம், சரி. "இது யாருது?" என்றும் கேட்கச் சொல்லி நம் லேபில் மட்டும் ஏன் ஒரு சட்டம்? கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கிறதாம். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், படித்த பிள்ளைகள்தானே.

மூத்திரம் சோதிக்கிற லேபில் அட்டெண்டராக இருந்துகொண்டு, மூத்திரம் என்ற வார்த்தையை வாயால் சொல்லாமலே காலத்தை ஓட்டியவள் நான். எழுதும்போது வந்துவிடுகிறது பாருங்கள். பேனாவுக்கு வெட்கம் கிடையாது. வேலையில் நான் பாட்டிலை நீட்டுவேன், தலையைக் கழிப்பறைப் பக்கம் லேசாகச் சாய்ப்பேன், அவ்வளவுதான். வந்தவர்களுக்கே புரிந்துவிடும். ஒரே ஒருவர் மட்டும் பாட்டிலை வாங்கி மடியில் செருகிக்கொண்டு நேராக ஊருக்குப் போய்விட்டார். அடுத்த முறை வந்தபோது அதில் மூக்குப்பொடி வைத்திருந்தார். "நல்ல மூடி தாயி, காரம் போகவே இல்ல" என்று பாராட்டு வேறு.

நான் வேலை கற்ற கதை சின்னது. வீடு ஒத்தக்கடை. வீட்டுக்காரருக்கு முடியாமல் போனதும் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தேன். பிறகு லேபில் பாட்டில் கழுவ விட்டார்கள். அப்புறம் ஒரு தரம் பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பாட்டில் வந்துவிட்டது. கழுவ ஒன்றும் இல்லாததால் என்னை ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.

அந்த ஜன்னலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், புதுக் கட்டடத்தில் அது இல்லை. ஆண்கள் கழிப்பறைக்கும் லேபுக்கும் நடுச்சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு பொந்து. உள்ளே போனவர் பாட்டிலை அதில் வைப்பார், இந்தப் பக்கமிருந்து நான் எடுத்துக்கொள்வேன். வைக்கிற கை மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. கூச்சக்காரிக்கென்றே யாரோ கட்டி வைத்தது போல இருக்கும்.

டாக்டரம்மா யாரையும் திட்ட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். நல்ல நாளில் நான் "பஞ்சு". ஏதாவது சரியில்லை என்றால் "பஞ்சவர்ணம்". பெரிய தப்பு என்றால் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு, "பஞ்சவர்ணம் மேடம்" என்பார். மேடம் என்று காதில் விழுந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அவர் சொல்லிக்கொடுத்த முறை எதுவும் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது. நம் சனம் எதற்கும் தலையாட்டும். "உங்க பேரு என்ன?" என்று கேட்டு அவர்கள் வாயாலேயே வாங்க வேண்டும். பெயர்ச் சீட்டைப் பாட்டிலில் ஒட்ட வேண்டும், மூடியில் ஒட்டக் கூடாது. மூடி இடம் மாறும், பாட்டில் மாறாது. காலையில் எழுந்ததும் முதலில் போவது நமக்கு வேண்டாம். ராத்திரி முழுக்க உள்ளே கிடந்து செல்லெல்லாம் நைந்து போயிருக்கும். எழுந்து நாலு நடை நடந்து அடுத்துப் போவதுதான் வேண்டும். ஜன்னலில் வந்ததும் உள்ளங்கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இருந்தால் இப்போது கொடுத்தது. ஆறியிருந்தால் பஸ்ஸில் வந்தது.

அந்தச் சமயம் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியில் இருந்தார். மூத்திரப்பையில் வருகிற புற்றுக்கட்டியில், ஏற்பி ஒன்றின் ஜீன் என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் அது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விளக்கினார்.

"செல்லோட வாசல்ல காலிங்பெல் மாதிரி ஒண்ணு இருக்கு பஞ்சு. அதுதான் ஏற்பி. வெளியில இருந்து 'வளரு'ன்னு சேதி வந்து அமுக்கினாத்தான் அது அடிக்கணும். அந்த பெல்லை எப்படிச் செய்யணும்னு செல்லுக்குள்ள எழுதி வச்சிருக்கிறதுதான் ஜீன். அதுல ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னா, யாரும் அமுக்காமலே பெல் அது பாட்டுக்கு அடிக்கும். செல்லும் அது பாட்டுக்கு வளரும்."

"அப்ப அதுதான் ரொம்ப மோசமா டாக்டர்?"

"அங்கதான் வேடிக்கை. இந்தப் பைக்குள்ள, பெல் கெட்ட கட்டி பெரும்பாலும் சத்தம்தான் போடும். எடுத்தா திரும்ப முளைக்கும், திரும்ப எடுக்கணும், தொல்லைதான். ஆனா சுவருக்குள்ள ஆழமா இறங்குறது குறைச்சல். பெல் ஒழுங்கா இருந்தும் வேற வழியில வளர்ற கட்டி இருக்கு பாருங்க, அதுல பலது சத்தமில்லாம சுவரைத் துளைச்சுக்கிட்டு இறங்கிரும்." டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "வாயே திறக்காதவங்களைத்தான் நம்பக் கூடாது."

நான் தயிர்ச்சோற்றைப் பார்த்துக்கொண்டேன்.

இனி எழுமலைக்காரர் ஒச்சப்பன் கதைக்கு வருகிறேன். கடலை, வெங்காயம் போடுகிற சம்சாரி. அவருக்கு வந்தது பெல் கெட்ட ரகம். கட்டியை எடுத்தாயிற்று. ஆனால் திரும்ப முளைக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும். அந்தக் குழாய் எந்த வழியாகப் போகும் என்று உங்களுக்குத் தெரியும், என்னை எழுத வைக்காதீர்கள். குழாய் நாளில் அந்த மனிதர் தாழ்வாரத்தில் நடக்கிற நடையைப் பார்த்தால் ஆட்டுக்குட்டியைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். ஒரு தடவை டாக்டரம்மா ஆறுதலாகச் சொன்னார். "உங்க தண்ணியைத்தான் இப்ப புதுசா சோதிக்கிறோம். அதுல தொடர்ந்து ஒண்ணும் இல்லைன்னா, குழாயைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வச்சுக்கலாம்." ஒச்சப்பன் அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறை வந்தார். பெயர் கேட்டேன், சொன்னார். பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஜன்னலில் பாட்டில் வந்தது. பிடித்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. லேபுக்கு அனுப்பினேன்.

முடிவு வந்தபோது டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பாட்டிலில் மோசமான செல்கள். அதோடு, அந்த ஜீனில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெல் கெட்ட சாதுக் கட்டி இருந்த ஆளிடம், சத்தமே போடாத பொல்லாத ரகம் வந்திருக்கிறது. சாது எப்படிப் பொல்லாததாக மாறியது என்பதுதான் அவர் வருஷக்கணக்காகத் தேடிய விஷயம். ஒரு பக்கம் ஒச்சப்பனுக்காகக் கவலை, இன்னொரு பக்கம் கண்ணில் ஒரு மினுமினுப்பு. கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஒச்சப்பனை உடனே வரச் சொல்லிக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பை துடைத்து வைத்த வெள்ளித் தட்டு போல இருந்ததாம். அப்படியானால் கெட்ட செல் மேலே எங்கிருந்தாவது வரவேண்டும், மயக்கம் கொடுத்துக் கிட்னி வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் டாக்டரம்மாவுக்கு என்னமோ உறுத்தியிருக்கிறது. பாட்டிலில் இருந்த செல்லையும் ஒச்சப்பன் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பஞ்சவர்ணம் மேடம், இது ஒச்சப்பனோட தண்ணியே இல்லை. நம்ம கையில மாறியிருக்கா?"

மாறவில்லை என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குப் பாட்டில் கொடுத்த அத்தனை பேரையும் திரும்ப வரவழைத்தார்கள். ஒருவரோடும் அது பொருந்தவில்லை. எல்லாம் முடியும் வரைக்கும் நான் மேடமாகவே இருந்தேன்.

கடைசி ஆளும் இல்லை என்று ஆன அன்று, "பஞ்சு" என்று கூப்பிட்டார். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் முகம் இன்னும் தெளியவில்லை.

"இங்க மாறல. பாட்டில் ஜன்னலுக்கு வரும்போதே வேற ஆளோட தண்ணியா வந்திருக்கு. அப்ப யாரோ ஒருத்தர் இந்தப் பொல்லாத ரகத்தை வயித்துல வச்சுக்கிட்டுத் தெரியாம நடமாடிக்கிட்டு இருக்கார். இது காத்திருக்கிற நோய் இல்லை. எழுமலைக்குப் போய் யாருதுன்னு கேட்டுட்டு வாங்க."

"நானா டாக்டர்?"

"போன்ல கேட்டா 'என்னோடதுதான்'பார். நான் போனா எந்திரிச்சு நின்னு கும்பிடுவார், வாயத் திறக்க மாட்டார். நீங்க போய்ச் சும்மா உக்காருங்க. நீங்க பேசாம இருந்தா, எதிர்ல இருக்கிறவங்களுக்குப் பொறுக்காது, பேசிருவாங்க."

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி எழுமலைக்குப் போனேன். ஒச்சப்பன் அண்ணன் வீட்டு வாசலில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் சம்சாரம் பேச்சியம்மாள் சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குத்துக் கடலையை என் மடியில் போட்டார். நான் உரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா சொன்னது சரி. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தாயி, இம்புட்டுத் தூரம்?"

"அன்னைக்கு நீங்க குடுத்தீங்கள்லண்ணே, அது..."

"எது?"

"அதுதாண்ணே."

"பாட்டிலா?"

"பாட்டிலுக்குள்ள இருந்தது."

பேச்சியம்மாள் கடலையைப் பொறுக்குவதை நிறுத்தாமல், "மூத்திரத்தக் கேக்குறாக" என்றார்.

"ஏன், பாஸாகலையா?" அண்ணனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "பாஸாகாம எப்புடிப் போகும்? நல்ல சரக்குல்ல தாயி அது. பொழுதன்னைக்கும் அடுப்புல நின்னு வேகுற ஒடம்பு. ஒரு காச்சல் தலவலின்னு படுத்ததே கெடயாது."

பேச்சியம்மாளின் கை நின்றது. "யாரு ஒடம்பு?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"அடுப்புல நின்னு வேகுறது எங்க அண்ணன்ல? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அதத்தான கூட்டிப் போனீக?"

அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. பேச்சியம்மாளின் அண்ணன் மாயாண்டி ஆரப்பாளையத்தில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை பாட்டிலைத் திறக்க, மச்சான் நிறைத்துக் கொடுத்திருக்கிறார். ஜன்னலில் வைத்ததும் மச்சான்தான்.

"ஏமாத்தணும்னு இல்ல தாயி" என்றார் ஒச்சப்பன். "அந்தம்மா எம்புட்டு மருவாதியாப் பேசுறாக. அவுககிட்டப் போயி கெட்டதக் குடுக்க மனசு வரல. என்னோடது கெட்டதுன்னு அவுகளுக்கே தெரியும், அதையே திருப்பித் திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்? வீட்டுல நல்லது இல்லன்னா மச்சான் வீட்டுல வாங்கிக் குடுக்குறது இல்லையா? சீர் வேணும்னாலும் மச்சான், பாரம் தூக்கணும்னாலும் மச்சான். இதுவும் அப்புடித்தான்னு கேட்டேன். அவரும் இந்தான்னு குடுத்தாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உடனே குழாய விட்டாக பாரு, பொய்யின்னு கண்டுபுடிச்சு டாக்டரம்மா தண்டன குடுக்குறாகன்னு நெனச்சு வாய மூடிக்கிட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லியாக வேண்டும். கடலையைக் கீழே வைத்தேன். "அண்ணே, அந்தப் பாட்டில்லதான் வியாதி இருக்கு. உங்களுக்கு இல்ல."

பேச்சியம்மாள் முகத்தை நான் மறக்க மாட்டேன். முதலில் புருஷன் தப்பித்தார் என்று ஒரு வெளிச்சம். அது முழுதாக வருவதற்குள்ளேயே கூடப்பிறந்த அண்ணன் நினைப்பு வந்து அணைத்துவிட்டது. மாயாண்டிக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. கடையில் நின்றால் எடுக்க மாட்டாராம்.

"நீங்களும் வாங்கக்கா" என்றேன்.

"நான் வந்தா அழுதுருவேன். நான் அழுதா அது பயந்து ஓடிரும். ஊசின்னாலே ஊரத் தாண்டுற ஆளு." புருஷன் பக்கம் திரும்பினார். "நீங்கதான வாங்குனீக? நீங்களே போயித் திருப்பிக் குடுங்க."

நாங்கள் ஆரப்பாளையம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடையில் நல்ல கூட்டம். வாசலில் பெரிய கல்லுக்கு முன்னால் மாயாண்டி நின்று கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் இரும்புத் தகடு. அந்தச் சத்தத்தை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒச்சப்பன் அண்ணன் கடைக்குப் பத்தடி முன்னாலேயே கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"வா மாப்ள. ஏன் அங்கனயே நிக்கிற? தங்கச்சி யாரு?"

"ஆஸ்பத்திரியில இருந்து வாரேண்ணே" என்றேன்.

"என்னா?"

"ஆஸ்பத்திரி. அன்னைக்குப் பாட்டில்..."

"பார்சலா? எத்தன?"

"பார்சல் இல்லண்ணே. நீங்க குடுத்தீங்கள்ல, அது..."

"கேக்கல தங்கச்சி, சத்தமாச் சொல்லு" என்றார், கை நிற்கவே இல்லை.

திரும்பி வண்டிப் பக்கம் பார்த்தேன். ஒச்சப்பன் அண்ணன் கரும்புச் சக்கையை எண்ணிக்கொண்டிருப்பவர் போலக் குனிந்திருந்தார். அவர் சொல்லப் போவதில்லை. நாளைக்கு வரலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கூடவே, இது காத்திருக்கிற நோய் இல்லை என்ற டாக்டரம்மா குரலும் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"அது உங்க மூத்திரம்ணே. அதுலதான் வியாதி இருக்கு."

பாருங்கள், "மூத்திரம்" என்று நான் ஆரம்பிக்கும்போதே கொத்து முடிந்துவிட்டது. அவர் தகட்டை நிறுத்திவிட்டார். கடையில் ஒரு சத்தம் இல்லை. பஸ் ஸ்டாண்டே நின்றுவிட்டது போல இருந்தது. கண்ணைத் திறந்தேன். முன் மேசையில் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன பரோட்டாவை அந்தரத்தில் வைத்திருந்தார். இன்னொருவர் இலையில் ஊற்றியிருந்த சால்னாவைக் குனிந்து ஒரு பார்வை பார்த்து, விரலால் மெல்ல ஓரம் ஒதுக்கினார்.

மாயாண்டி தகடுகளைக் கல்லின் ஓரத்தில் வைத்தார். கல்லைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். என்னமோ சொன்னார். இப்போது எனக்குத்தான் கேட்கவில்லை. இன்னும் கிட்டே போனேன்.

"சில நாளு செவப்பாப் போகுது தங்கச்சி. வலி ஒண்ணும் இல்ல. அடுப்புச் சூடுன்னு மோரு குடிச்சுக்கிட்டு இருந்தேன். அதா?"

"அதுதாண்ணே."

"ரொம்ப நாளா யாருகிட்டயும் சொல்லல."

"நாளைக்குக் காலையில வாங்க. முத தண்ணி வேணாம். எந்திரிச்சு நடந்து, ரெண்டாவதா வாரது வேணும்" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு கரும்புச்சாறு வண்டியைப் பார்த்து, "மாப்ள, வந்து சாப்புடு. உன்னால ஏவாரம் போச்சு" என்றார். ஒச்சப்பன் அண்ணன் அங்கேயே உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மறுநாள் ஜன்னலில் கை வந்தது. சூடு பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் பளபளவென்று இருந்த கை. பாட்டிலை வைத்துவிட்டுப் போகாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. நான் இந்தப் பக்கமிருந்து பாட்டிலைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு விட்டார்.

கட்டி பையின் சுவருக்குள் இறங்கியிருந்தது. ஆனால் வெளியே தாண்டவில்லை. இன்னும் கொஞ்ச காலம் மோர் குடித்துக்கொண்டிருந்தால் தாண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. மூத்திரப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்து, மூத்திரம் வந்து சேர வெளியே ஒரு பிளாஸ்டிக் பை மாட்டினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மாயாண்டி அண்ணன் இரண்டு தடவை ஓடப் பார்த்தார். இரண்டு தடவையும் வாசலில் பிடித்துக்கொண்டு வந்தவர் ஒச்சப்பன்தான். கொஞ்சம் தேறியதும் மாயாண்டி மறுபடி கல்லுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

டாக்டரம்மா எழுதி வைத்திருந்த தாள்களை என் முன்னாலேயே கிழித்துக் கூடையில் போட்டார். "சாது எப்படிப் பொல்லாததா மாறிச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன்னு நினைச்சேன் பஞ்சு. கடைசியில அது பஸ் ஏறி ஆரப்பாளையத்துல இறங்கிருச்சு" என்று சிரித்தார். அன்றைக்கே ஜன்னலுக்கு மேலே சட்டம் எழுதி ஒட்டினார். உள்ளே ஒருவர் மட்டும். பாட்டிலை வாங்கும்போது "இது யாருது?" என்று கேட்க வேண்டும். முதல் தரம் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தபோது எனக்கே குரல் கேட்கவில்லை. இப்போது உங்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பின் வரிசையில் உட்கார்ந்து என்னைச் சத்தமாகச் சொல்லச் சொன்னவர் அந்த மாயாண்டி அண்ணன்தான். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் பேசாமல் இருந்தவர் ஒச்சப்பன். அவருக்குச் சாதுக் கட்டி நடுவில் ஒரு தரம் திரும்ப முளைத்தது, எடுத்தார்கள். இன்றைக்கும் சோதனைக்கு வருகிறார். மச்சானும் துணைக்கு வருகிறார்.

அடுத்து அவர்கள் வரும்போது "இது யாருது?" என்று தைரியமாகக் கேளுங்கள். "சொந்தச் சரக்கு தாயி" என்பார் ஒச்சப்பன். நம்பலாம். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாயாண்டி அண்ணன் மீது ஒரு கண் இருக்கட்டும். மாப்பிள்ளை உள்ளே போய்க் கொஞ்சம் தாமதமானால், அவர் இடுப்பில் இருக்கிற பையைத் தட்டிக்கொண்டு, தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்வார்:

"வரலன்னா சொல்லு மாப்ள. எங்கிட்ட இப்பப் பையிலயே ரெடியா இருக்கு."